வட்ட டைபோல் வரிசை: எட்டு டைபோல்களுக்கும் ஒரே கட்டம் கொடுத்தால் கிடைமட்டக் கதிர்வீச்சு மறைவது ஏன்?

கேள்வி: கயல்விழி

வணக்கம். முதுநிலைப் பொறியியல் ஆய்வேட்டுக்காக 145 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் திசைகாணும் ஆன்டெனா ஒன்றை வடிவமைத்து வருகிறேன். 80 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்தின் சுற்றில் எட்டு அரையலை டைபோல்களை, அதாவது நடுவில் ஊட்டப்படும் அரை அலைநீளக் கம்பி ஆன்டெனாக்களைச் செங்குத்தாக, 45 பாகைக்கு ஒன்றாக நிறுத்தியிருக்கிறேன். இப்போதைக்கு எல்லாம் கணினி உருவகப்படுத்தலில்தான். தரை இல்லை, நடுக்கம்பம் இல்லை, வெட்டவெளி மட்டுமே.

ஒரு குறிப்பிட்ட திசையில் எட்டு அலைகளும் ஒரே கட்டத்தில் சேரும்படி ஒவ்வொரு டைபோலின் கட்டத்தையும் அமைத்தால், கற்றை அந்தத் திசையில் சரியாக எழுகிறது. எனவே வடிவியலிலோ கட்டக் கணக்கிலோ பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் கதிர்வீசும் நிலை ஒன்றும் எனக்குத் தேவைப்படுகிறது. அதற்காக எட்டு டைபோல்களுக்கும் ஒரே வீச்சும் ஒரே கட்டமும் கொடுத்தபோது, கிடைமட்டத் தளத்தில் கதிர்வீச்சு ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. ஆற்றல் முழுவதும் மேலும் கீழுமாகச் சாய்ந்த கூம்புகளில் செல்கிறது. முழுச் சமச்சீருள்ள வளையத்துக்குச் சமச்சீராக மின்னோட்டம் கொடுத்தால் கிடைமட்டத்தில் நல்ல வட்டம் கிடைக்கும் என்றே எதிர்பார்த்திருந்தேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கற்றையை ஒரு பக்கம் திருப்பும்போது, எட்டிலும் ஒரே அளவு மின்னோட்டம் ஓடினாலும், கற்றை நோக்கும் பக்கத்து டைபோலும் அதற்கு நேர் எதிரே உள்ள டைபோலும் முற்றிலும் வேறுபட்ட இம்பீடன்ஸை, அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கான எதிர்ப்பைக் காட்டுகின்றன. கற்றையைத் திருப்பினால் அந்த மதிப்புகளும் இடம் மாறுகின்றன. எட்டு டைபோல்களுக்கு 64 இம்பீடன்ஸ்கள் கொண்ட அணியை வைத்துக்கொண்டு இதைக் கையால் பகுத்தறிய வழி இருக்கிறதா? திசைகாண எட்டு டைபோல்கள் போதுமா என்பதையும் கணிதத்தின் வழியாகவே காட்ட விரும்புகிறேன்.

மறுமொழி: முத்துவேல்

வணக்கம், கயல்விழி. உங்கள் உருவகப்படுத்தலில் பிழை ஏதும் இல்லை. தற்செயலாக நீங்கள் தேர்ந்தெடுத்த ஆரம், வட்ட வடிவ அலைக் கணக்குகளில் வரும் பெசல் சார்பின் முதல் சுழி இடத்துக்கு மிக அருகில் விழுந்திருக்கிறது, காரணம் அவ்வளவுதான். ஆனால் அந்தக் காரணத்தை முழுமையாக விளங்கிக்கொண்டால் உங்களுடைய மூன்று கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வளையத்தின் சுற்றளவை அலைநீளத்தால் வகுத்தால் வரும் எண்ணை 'சு' என்று குறிப்போம். 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.0675 மீட்டர், உங்கள் வளையத்தின் சுற்றளவு 5.027 மீட்டர்; ஆகவே சு = 2.431. வட்ட வரிசையின் கணிதத்தில் இந்த ஓர் எண்ணே ஏறத்தாழ எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கிடைமட்டத் தளத்தில் 'தி' என்ற திசைக்கோணத்தில் தொலைவில் நின்று பார்ப்பவருக்கு, 'இ' என்ற கோணத்தில் நிற்கும் டைபோலின் அலை, வட்ட மையத்திலிருந்து வரும் அலையைவிட 'சு × கொசைன்(தி − இ)' ரேடியன் முந்தி வருகிறது. எட்டு டைபோல்களின் அலைகளையும் கூட்டுவதே நமது வேலை. கூட்டுவதற்கு முன், கொசைனை அடுக்கில் கொண்ட அந்தக் கலப்பெண் சார்பை யாக்கோபி–ஆங்கர் விரிவின்படி ஃபூரியர் தொடராகப் பிரித்துவிட வேண்டும். அப்போது ஒவ்வொரு 'ம' என்ற முழு எண்ணுக்கும், ம-ஆம் படி பெசல் சார்பான பெம(சு) என்ற வீச்சுடன், ஒரு முழுச் சுற்றில் 'ம' முறை கட்டம் சுழலும் ஓர் உறுப்பு கிடைக்கிறது.

இனி டைபோல்களுக்கு மின்னோட்டம் கொடுக்கும் முறையையும் இதே விதமாகப் பாருங்கள். வளையத்தைச் சுற்றி வரும்போது மின்னோட்டத்தின் வீச்சு மாறாமல், கட்டம் மட்டும் சீராக ஏறி, ஒரு சுற்றில் மொத்தம் 'ம' முறை 360 பாகை கூடுமானால், அதைக் கட்டப் பாங்கு ம, அதாவது ஃபேஸ் மோடு ம என்று அழைக்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டம் என்பது பாங்கு 0. அடுத்தடுத்த டைபோல்களுக்கு 45 பாகை வித்தியாசம் என்பது பாங்கு 1. 90 பாகை வித்தியாசம் என்பது பாங்கு 2. பாங்கு ம-வைக் கொடுத்தால் தொலைவில் கிடைக்கும் கதிர்வீச்சின் வீச்சு பெம(சு). அதன் கட்டமும் திசைக்கோணத்தோடு 'ம' முறை சுழலும். இதோடு ம ± 8, ம ± 16 ஆகிய படிகளைச் சேர்ந்த எச்சங்களும் சிறிதளவு கலந்து வரும். எட்டே இடங்களில் நின்று பார்க்கும்போது இந்தப் பாங்குகளுக்குள் வேறுபாடு தெரிவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

எனவே உங்கள் பாங்கு 0-வுக்கு உரிய கதிர்வீச்சு இதுதான்:

8 × [ பெ₀(சு) + 2 பெ₈(சு) கொசைன்(8தி) + … ]

பெ₀ முதன்முதலில் சுழியாகும் இடம் 2.405. உங்கள் சு 2.431 ஆதலால், பெ₀ −0.014 மட்டுமே, பெ₈ பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. அதாவது எட்டு டைபோல்களின் அலைகளும் முழுமையாக ஒத்துச் சேர்ந்தால் கிடைக்கக்கூடிய உச்சத்தைவிட 37 டெசிபல் கீழே கிடக்கிறது. எட்டு டைபோல்களின் அலைகள் கிடைமட்டத்தில் எந்தத் திசையில் நின்று பார்த்தாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கிடைமட்டத்திலிருந்து மேலே ஏற ஏற, சு-வுக்குப் பதிலாக சு × சைன்(செங்குத்திலிருந்து அளந்த கோணம்) என்பதே பெசல் சார்புக்குள் செல்கிறது. அது 2.405-ஐவிட்டு விலகிக் குறைவதால் பெ₀ மீண்டும் வளர்கிறது. ஆனால் நேர் மேலே டைபோலுக்கே கதிர்வீச்சு இல்லை. இவ்விரண்டையும் பெருக்கிப் பார்த்தால், உச்சம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் வருகிறது. நீங்கள் கண்ட கூம்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும். கோணத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்படியானால் கற்றை மட்டும் எப்படிச் சரியாக எழுந்தது என்ற கேள்வி எழும். இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தமானது. திசை நோக்கிக் கட்டம் அமைக்கும்போது நீங்கள் உண்மையில் எல்லாப் பாங்குகளையும் ஒரே நேரத்தில் ஊட்டுகிறீர்கள்; பாங்கு ம-வுக்கு நீங்கள் அளிக்கும் பங்கு பெம அளவிலானது, அது கதிர்வீசும் திறனும் பெம அளவிலானது, ஆகவே கற்றையில் அதன் பங்கு பெம-வின் வர்க்கம். சு = 2.431 என்ற இடத்தில் பெ₁ = 0.513, பெ₂ = 0.436, பெ₃ = 0.204, பெ₄ = 0.068. இவற்றின் வர்க்கங்களை நேர்ப்பாங்கு, எதிர்ப்பாங்கு இரண்டுக்கும் சேர்த்துக் கூட்டினால் ஏறத்தாழ 1 வந்துவிடுகிறது. பாங்கு 0 இந்தக் கூட்டத்தில் இல்லாததை யாரும் கவனிக்கவே போவதில்லை.

அந்தக் கூட்டலை நாய்மனின் கூட்டல் தேற்றத்தால் முடித்துவிடலாம். உச்சத் திசையிலிருந்து 'வி' அளவு விலகிய திசையில் கிடைக்கும் கற்றையின் வடிவம் பெ₀(2 சு × சைன்(வி/2)). உங்கள் வளையத்துக்கு அரைத்திறன் அகலம் ஏறத்தாழ 54 பாகை. முதல் சுழி 59 பாகை விலகலில். 104 பாகை விலகலில் பக்கக் கற்றை ஒன்று −7.9 டெசிபலில் எழும். நேர் பின்புறத்தில் −13 டெசிபல். இந்த −7.9 டெசிபல், பெ₀-வின் முதல் பள்ளத்தின் மதிப்பான −0.403 என்பதிலிருந்து நேரடியாக வருவதால், ஆரத்தை எவ்வளவு கூட்டினாலும் குறையாது. அதைக் குறைக்க விரும்பினால், ஒவ்வொரு பாங்கின் பங்கையும் பெம-வால் வகுத்துச் சமன்செய்துவிட்டு, நேர்க்கோட்டு வரிசைக்குப் பயன்படுத்தும் எடைகளை அவற்றின்மேல் இட வேண்டும். டேவிஸ் 1960-களில் வகுத்த உருமாற்றத்தின் சாரம் இதுவே.

இப்போது நடைமுறைக்கு வருவோம். எல்லாத் திசைகளிலும் ஒரே அளவு கதிர்வீச்சுத்தான் உங்களுக்குத் தேவை என்றால், பாங்கு 0-வை விட்டுவிட்டுப் பாங்கு 1-ஐக் கொடுங்கள். அடுத்தடுத்த டைபோல்களுக்கு 45 பாகை கட்ட வித்தியாசம் போதும். கிடைமட்டத்தில் வீச்சு 0.513, பெ₇ என்ற எச்சம் மிகச் சிறியதாதலால் வட்டத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 0.02 டெசிபல் மட்டுமே. கட்டம் மட்டும் திசையோடு சுழலும். வலிமையை மட்டும் அளக்கும் வேலைக்கு அதனால் எந்தத் தீங்கும் இல்லை.

திசைகாண்பதற்கோ பாங்கு 0 தேவையே இல்லை. ஏற்கும் பக்கத்தில் எட்டு வெளியீடுகளையும் பாங்கு 1-ஆகவும் பாங்கு 2-ஆகவும் தனித்தனியே கூட்டுங்கள். முதலாவதன் கட்டம் தி-யோடும், இரண்டாவதன் கட்டம் 2தி-யோடும் நகரும். இரண்டின் கட்ட வித்தியாசம், 90 பாகை என்ற மாறிலி ஒன்றைக் கழித்தால், நேராகத் தி-யே. 180 பாகைக் குழப்பம் இதில் எழாது. பாங்கு +1-ஐயும் −1-ஐயும் ஒப்பிட்டால் 2தி கிடைத்து அந்தக் குழப்பம் வந்துவிடும் என்பதால்தான் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். ஏற்றக்கோணம் மாறும்போது பெசல் சார்புகளின் மதிப்புகள் மாறுமே தவிர, உங்கள் வளையத்தில் பெ₁, பெ₂ இரண்டும் குறி மாறுவதில்லை. ஆகவே திசைக்கோண அளவீட்டை ஏற்றக்கோணம் கெடுக்காது. எட்டு வாயில்கள் கொண்ட பட்லர் அணிச்சுற்று ஒன்று இருந்தால் எல்லாப் பாங்குகளும் ஒரே நேரத்தில் தனித்தனி வாயில்களில் கிடைத்துவிடும்.

எட்டு போதுமா என்றால், பொதுவான அளவுகோல் இது: சு-வைவிட உயர்ந்த படிகளில் பெசல் சார்பு வேகமாகத் தேய்ந்துவிடுகிறது, ஆகவே பயன்படும் உச்சப் பாங்கு ஏறத்தாழ சு-வுக்குச் சமம், டைபோல்களின் எண்ணிக்கை அதன் இருமடங்கைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். உங்களுக்கு 2 × 2.43 = 4.86; எட்டு தாராளமாகப் போதும். பாங்கு 3-ஐப் பயன்படுத்தினால் மட்டும் எச்சமாக பெ₅ = 0.017 கலந்து, அந்தப் பாங்கின் கட்டத்தில் 5 பாகை வரை பிழை தரும்.

மறுமொழி: ஆதிரை

இம்பீடன்ஸ் குறித்த பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

64 மதிப்புகள் என்று நீங்கள் எழுதியிருந்தாலும், சமச்சீரால் அவற்றுள் வெவ்வேறானவை ஐந்தே. தன் இம்பீடன்ஸ் ஒன்று. 61, 113, 148, 160 சென்டிமீட்டர் இடைவெளிகளுக்கு உரிய பரிமாற்று இம்பீடன்ஸ்கள் நான்கு. அணியின் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியை ஓரிடம் சுழற்றி வைத்ததே. இத்தகைய சுழல் அணிக்கு, அதன் உறுப்புகள் எவையாக இருந்தாலும், ஐகன் வெக்டர்கள் எப்போதும் தனித்த ஃபூரியர் உருமாற்றத்தின் வெக்டர்களே. அதாவது முத்துவேல் ஐயா சொன்ன அதே கட்டப் பாங்குகளே. கதிர்வீச்சைப் பிரித்துத் தரும் பாங்குகளே டைபோல்களுக்கு இடையிலான இணைப்பையும் பிரித்துத் தருகின்றன என்பதுதான் வட்ட வரிசையின் பெரும் வசதி. நேர்க்கோட்டு வரிசைக்கு ஓரங்கள் இருப்பதால் இந்த வசதி அதற்குக் கிடைப்பதில்லை.

கையால் சரிபார்க்கக்கூடிய சிறிய எடுத்துக்காட்டு ஒன்றைத் தருகிறேன். கால் அலைநீள ஆரமுள்ள வட்டத்தில் நான்கு அரையலை டைபோல்களைக் கொள்வோம். மெல்லிய கம்பி, சைன் வடிவ மின்னோட்டம் என்ற எடுகோளில், கார்ட்டர் 1932-இல் வெளியிட்ட தூண்டுமின்னியக்கு விசை முறைப்படி, சைன் தொகையீடு, கொசைன் தொகையீடு ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டேன். கற்பனை அலகை 'ஜெ' என்று எழுதுகிறேன்.

தன் இம்பீடன்ஸ்: 73.1 + ஜெ 42.5 ஓம்
அடுத்த டைபோலோடு, 0.354 அலைநீளத் தொலைவில்: 16.7 − ஜெ 37.5 ஓம்
எதிர் டைபோலோடு, 0.5 அலைநீளத் தொலைவில்: −12.5 − ஜெ 29.9 ஓம்

இவற்றிலிருந்து பாங்கு இம்பீடன்ஸ்கள் எளிய கூட்டல் கழித்தலில் வந்துவிடும். பாங்கு 0-வில் மூன்று அண்டை டைபோல்களின் பங்குகளும் கூடுகின்றன: 94.0 − ஜெ 62.4. பாங்கு ±1-இல் இரு பக்க அண்டை டைபோல்களின் பங்குகளும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, எதிர் டைபோலின் பங்கு மட்டும் கழிகிறது: 85.6 + ஜெ 72.4. பாங்கு 2-இல் பக்கத்துப் பங்குகள் கழிந்து எதிர்ப் பங்கு கூடுகிறது: 27.2 + ஜெ 87.6. சரிபார்க்க ஒரு வழி உண்டு: நான்கு பாங்குகளின் இம்பீடன்ஸ்களையும் கூட்டினால் தன் இம்பீடன்ஸின் நான்கு மடங்கு வர வேண்டும். 292.4 + ஜெ 170.0 என்று சரியாகவே வருகிறது. ஆய்வேட்டுக்குக் கணக்கிடும்போது இந்தச் சரிபார்ப்பை ஒருபோதும் தவறவிடாதீர்கள். குறிப்பிழைகள் பெரும்பாலும் இங்கேயே பிடிபட்டுவிடும்.

இப்போது இந்த நான்கு டைபோல் வளையத்தில் கற்றையை முதல் டைபோலின் பக்கம் திருப்புவோம். நான்கிலும் ஒரே அளவு மின்னோட்டம்தான். கட்டங்கள் மட்டும் −90, 0, +90, 0 பாகை. கணக்கிட்டால், கற்றை நோக்கும் டைபோல் 160.6 + ஜெ 105.8 ஓம், பக்கத்து டைபோல்கள் இரண்டும் 60.6 + ஜெ 12.6 ஓம், பின்புற டைபோல் 10.6 + ஜெ 39.0 ஓம் காட்டுகின்றன. மின்னோட்டம் சமமாக இருந்தும், முன்னுள்ளது பின்னுள்ளதைவிடப் பதினைந்து மடங்கு ஆற்றலை ஊட்டுக்கம்பியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நீங்கள் கண்ட வேறுபாடு இதுதான். டைபோல் வாரியாகப் பார்த்தால் கற்றையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் இந்த எண்கள் இடம் மாறுவதால் பொருத்துச்சுற்று அமைப்பது பெரும் தலைவலியாகிவிடும். பாங்கு வாரியாகப் பார்த்தால் மேலே சொன்ன மூன்று இம்பீடன்ஸ்கள் மட்டுமே, கற்றை எங்கு திரும்பினாலும் மாறாமல் நிற்கும். ஆகவே பொருத்துச்சுற்றுகளைப் பட்லர் அணிச்சுற்றின் பாங்கு வாயில்களில் வைத்தால், ஒருமுறை பொருத்தியது எல்லாத் திசைகளுக்கும் பொருந்தும்.

ஏற்கும் பக்கத்தில் இதன் விளைவு இன்னும் இனிமையானது. ஒவ்வொரு டைபோலும் ஒரே சுமையோடு முடிந்திருந்தால், இணைப்பின் விளைவாகப் பாங்கு ம-வின் வெளியீடு ஒரு கலப்பெண் மாறிலியால் பெருக்கப்படுகிறது, அவ்வளவே. அந்த மாறிலி வேறொரு பாங்கில் கலப்பதும் இல்லை, திசையைப் பொறுத்து மாறுவதும் இல்லை. பாங்கு 1, பாங்கு 2 இரண்டுக்கும் உள்ள மாறிலிகளின் கட்ட வித்தியாசத்தைத் திசை தெரிந்த ஒரு சைகையைக் கொண்டு ஒருமுறை அளந்து கழித்துவிட்டால் வேலை முடிந்தது. நடுவில் உலோகக் கம்பம் நின்றாலும் இதே கூற்று பொருந்தும். மாறிலிகளின் மதிப்புகள்தான் வேறாகும். ஆனால் கம்பம் மிகச் சரியாக நடுவில் நிற்க வேண்டும்.

ஒரே கட்டமுள்ள மேற்கோள் சைகை கட்டாயம் வேண்டுமென்றால், வட்டத்தின் நடுவில் ஒன்பதாவது டைபோல் ஒன்றை நிறுத்துங்கள். எட்டு டைபோல்களிலிருந்தும் அதற்குச் சமத் தொலைவு ஆதலால், அது பாங்கு 0-வோடு மட்டுமே இணையும். மற்றப் பாங்குகளின் கூட்டுத்தொகை மையத்தில் சுழி. 1919-இல் காப்புரிமை பெற்ற அட்காக் ஆன்டெனாவைக் கொண்டு திசைகாண்பவர்கள், முன்பின் குழப்பத்தைத் தீர்க்க நடுவில் ஓர் ஆன்டெனா சேர்ப்பதும் இதே அடிப்படையில்தான்.

மறுமொழி: இளங்கோ

விமான வழிகாட்டுக் கருவிகளோடு பழகியவன் என்ற முறையில் ஓர் இணைப்பைச் சொல்ல விரும்புகிறேன். விமானங்களுக்குத் திசை காட்டும் டாப்ளர் விஓஆர் வானொலி நிலையத்தில், ஏறத்தாழ 6.7 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் பெரும்பாலும் 48 அல்லது 50 ஆன்டெனாக்கள் நிற்கின்றன. அவை செங்குத்து டைபோல்கள் அல்ல, கிடைமட்ட முனைவாக்கம் தரும் ஆல்ஃபோர்டு வளையங்கள். எனினும் வடிவியல் உங்களுடையதே. ஊட்டுப்புள்ளி நொடிக்கு 30 முறை வட்டத்தைச் சுற்றி வருவதுபோல் ஆன்டெனாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயக்கப்படுவதால், தொலைவில் உள்ள விமானத்துக்கு அந்தச் சைகையின் அதிர்வெண் 480 ஹெர்ட்ஸ் வரை கூடியும் குறைந்தும் வருகிறது. 480-ஐ 30-ஆல் வகுத்தால் 16. முத்துவேல் ஐயா சு என்று குறித்த எண் அதுவே: 113 மெகாஹெர்ட்ஸில் சுற்றளவு ஏறத்தாழ 16 அலைநீளம். அதிர்வெண் பண்பேற்றத்தில் பக்கப்பட்டைகளின் வீச்சுகளைத் தரும் பெசல் சார்புகளும் வட்ட வரிசையில் பாங்குகளின் வீச்சுகளைத் தரும் பெசல் சார்புகளும் ஒன்றே என்பதை அந்தக் கருவியில் கண்ணாரக் காணலாம். 16-இன் இருமடங்கு 32. அதற்கு மேல் போதிய இடம்விட்டே 48 வைத்திருக்கிறார்கள்.

கயல்விழி

அனைவருக்கும் நன்றி. கூம்பின் உச்சம் 57 பாகையில்தான் இருந்தது. முத்துவேல் ஐயா சொன்னபடி பாங்கு 1, பாங்கு 2 இரண்டையும் கூட்டிக் கட்ட வித்தியாசம் எடுத்தேன். சைகையின் திசையை ஒரு முழுச் சுற்றுக்குத் திருப்பிப் பார்த்தபோது, கிடைத்த திசையில் பிழை அரைப் பாகையைச் சற்றே தாண்டியது. அந்தப் பிழை ஒரு சுற்றில் எட்டு முறை ஏறி இறங்குகிறது. இணைப்பைப் புறக்கணித்த கணக்கிலும், இணைப்பைச் சேர்த்த உருவகப்படுத்தலிலும் பிழை ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பது வியப்பாக இருக்கிறது. இதே வளையத்தை வேறு அதிர்வெண்களுக்கும் பயன்படுத்த இயலுமா என்று வழிகாட்டி கேட்கிறார். உண்மையாகக் கட்டும்போது எதில் அதிகக் கவனம் வேண்டும் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: முத்துவேல்

எட்டு முறை ஏறி இறங்குவதிலிருந்தே பிழை எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடுகிறது. பாங்கு 2-இல் கலக்கும் எச்சம் பாங்கு −6. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கட்டம் 8தி. பெ₆/பெ₂ = 0.0083 ரேடியன். பாங்கு 1-இல் கலக்கும் எச்சம் பாங்கு −7; பெ₇/பெ₁ = 0.0013 ரேடியன். குறிகள் எதிராக அமைவதால், கட்ட வித்தியாசம் எடுக்கும்போது இரண்டு பிழைகளும் கூடி 0.0096 ரேடியன், அதாவது 0.55 பாகை ஆகின்றன. பாங்கு 2-உம் பாங்கு −6-உம் எட்டு டைபோல்களின் முனைகளில் ஒரே மின்னழுத்த வரிசையாகவே தோன்றுவதால், இணைப்பு இரண்டையும் ஒரே மாறிலியால்தான் பெருக்குகிறது, விகிதம் மாறுவதில்லை. ஆகவே இணைப்பைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பிழை அதே அளவில் நிற்பது இயல்பே. இந்தப் பிழை திசையைப் பொறுத்து முன்கூட்டியே தெரிந்த சைன் வளைவாக இருப்பதால் அதைக் கழித்துவிடவும் முடியும்.

அதிர்வெண்ணைப் பொறுத்தவரை, 144 முதல் 146 வரையிலான அமெச்சூர் பட்டைக்குள் சு 2.41-இலிருந்து 2.45 வரைதான் நகரும், கவலை இல்லை. ஆனால் பெ₁ அடுத்துச் சுழியாகும் இடம் 3.832. உங்கள் வளையத்துக்கு அது ஏறத்தாழ 228 மெகாஹெர்ட்ஸ். அங்கே பாங்கு 1 மறைந்துவிடும், திசைகாணும் முறையும் குலைந்துவிடும். அகன்ற பட்டைக்கு ஏற்ற தீர்வு, டைபோல்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதல்ல, ஒவ்வொன்றையும் வெளிப்பக்கம் நோக்கியதாக ஆக்குவதே. ஒவ்வோர் உறுப்பின் கதிர்வீச்சும் '1 + கொசைன்' என்ற இதய வடிவில் வெளிநோக்கி அமைந்தால், பாங்கு ம-வின் வீச்சு பெம மட்டுமாக இராமல் 'பெம − ஜெ × பெம-வின் வகைக்கெழு' என்று ஆகிறது. பெசல் சார்பும் அதன் வகைக்கெழுவும் சுழியைத் தவிர வேறெங்கும் ஒரே புள்ளியில் மறைவதில்லை. ஆகவே எந்த அதிர்வெண்ணிலும் எந்தப் பாங்கும் முற்றாக அழியாது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர்கள் டென்மார்க்கில் எழுப்பிய வுல்லன்வேபர் வரிசையில், 120 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நின்ற 40 செங்குத்து ஆன்டெனாக்களுக்கு உட்புறம் எதிரொளிப்பு வளையம் ஒன்று இருந்தது. அதன் பயன்களுள் இதுவும் அடங்கும்.

கட்டும்போது கவனிக்க வேண்டியது கேபிள்களை. எட்டில் ஒரே ஒரு டைபோலின் கட்டம் 5 பாகை, அதாவது 0.087 ரேடியன் பிசகினால், அதன் எட்டில் ஒரு பங்கான 0.011 எல்லாப் பாங்குகளிலும் ஒரே அளவில் சிதறுகிறது. பெ₁ 0.513, பெ₂ 0.436 என்ற அளவுகளோடு ஒப்பிட்டால், பாங்கு 1-இல் 1.2 பாகையும் பாங்கு 2-இல் 1.4 பாகையும் வரை பிழை எழலாம். மோசமான திசையில் மொத்தம் 2.6 பாகை வரை. எச்சத்தால் வரும் 0.55 பாகையைவிட இது பல மடங்கு பெரியது. ஆர்ஜி-58 கேபிளில் அலை ஒளியின் வேகத்தில் 0.66 பங்கு வேகத்தில் செல்வதால், 145 மெகாஹெர்ட்ஸில் 5 பாகை என்பது வெறும் 19 மில்லிமீட்டர் நீளம். நாடாவால் அளந்து வெட்டினால் போதும் என்று எண்ணாதீர்கள். இணைப்பிகளைப் பொருத்திய பிறகு எட்டுக் கேபிள்களின் மின்நீளத்தையும் கருவியால் அளந்து, மிகக் குறுகியதற்கு ஏற்ப மற்றவற்றைச் சிறிது சிறிதாகக் கத்தரியுங்கள்.

மறுமொழி: ஆதிரை

கேபிள்களைப் பற்றி இன்னும் ஒன்று. அவை டைபோலின் நடுவிலிருந்து புறப்பட்டு, வட்டத்தின் ஆரம் வழியாகவே மையக் கம்பம் வரை கிடைமட்டமாகச் சென்று, பிறகு கீழே இறங்க வேண்டும். ஒவ்வொன்றின் ஊட்டுப்புள்ளியிலும் கேபிளின் வெளியுறையில் மின்னோட்டம் ஓடாமல் தடுக்கும் பாலன் கட்டாயம் தேவை. ஒரே ஒரு கேபிள் டைபோலுக்கு இணையாகத் தொங்கினாலும், அதன் வெளியுறையில் ஓடும் மின்னோட்டம் அதை ஒன்பதாவது டைபோலாக்கிவிடும். அது மையத்தில் இல்லாததால் அணியின் சுழல் சமச்சீர் உடைந்து பாங்குகள் ஒன்றோடொன்று கலக்கும். கட்டி முடித்த பின் இதைச் சோதிக்க எளிய வழி, எட்டு டைபோல்களில் ஒவ்வொன்றின் பிரதிபலிப்பையும், மற்றவற்றைச் சுமையால் முடித்துவிட்டுத் தனித்தனியே அளப்பது. எட்டு வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வேண்டும். எது விலகி நிற்கிறதோ அந்த டைபோலின் பக்கம்தான் சமச்சீர் கெட்டிருக்கிறது. அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.